கண்டதைக் குறிப்பதே வரைபடம்

வரைபடம் என்றால் அரசாங்கத்தின் நில அளவைத் துறை வரைந்து கொடுப்பது, பொதுமக்கள் வாங்கிப் பயன்படுத்துவது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. அதை மாற்றிய முயற்சி 2004ஆம் ஆண்டு பிரிட்டனில் தொடங்கியது. அங்கு அரசாங்க வரைபடத் தகவல்களைப் பயன்படுத்தக் கட்டணமும் கட்டுப்பாடுகளும் இருந்தன. பொதுமக்களே தெருத் தெருவாகச் சென்று அளந்து, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய வரைபடம் ஒன்றை உருவாக்கினால் என்ன என்று ஸ்டீவ் கோஸ்ட் எண்ணினார். அவர் தொடங்கிய திட்டமே ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’. இன்று அது உலகம் முழுவதற்குமான வரைபடமாக வளர்ந்திருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் அடங்கும்.

இதில் சேர்வதற்குத் தேர்வு கிடையாது; கட்டணம் கிடையாது. இணையத்தில் பதிந்துகொண்ட எவரும் சாலையைச் சேர்க்கலாம், பிழையைத் திருத்தலாம். அப்படியானால் இத்தனை பேர் கைவைக்கும் வரைபடத்தை எப்படி நம்புவது என்ற கேள்வி எழுவது இயல்பு. தொண்டூழியர்கள் கடைப்பிடிக்கும் சில கொள்கைகள்தாம் அதற்குப் பதில்.

இந்த நம்பிக்கையின் மதிப்பு என்ன என்பதை 2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைத்தியில் ஏற்பட்ட நிலநடுக்கம் காட்டியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு அப்போது போதிய வரைபடம் இல்லை. துணைக்கோள் படங்கள் வெளியிடப்பட்டதும், பல நாடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தொண்டூழியர்கள் சில நாள்களிலேயே அந்நகரின் சாலைகளையும் இடிந்த கட்டடங்களையும் வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அதைக் கையடக்கக் கருவிகளில் ஏற்றிக்கொண்டு சென்றார்கள். அத்தகைய நேரத்தில் இல்லாத சாலை ஒன்று வரைபடத்தில் இருந்தால், அதற்கான விலையை இடிபாடுகளுக்குள் சிக்கியிருப்பவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் கொள்கை, வேறொருவர் அதே இடத்துக்குச் சென்று சரிபார்க்கக்கூடியதை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது. சாலை, பாலம், தமிழ்ப்பள்ளி, மருந்தகம், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். ‘இந்த உணவகத்தில் சாப்பாடு சுமார்’ என்பது கருத்து; அதற்கு வரைபடத்தில் இடமில்லை.

இரண்டாவது, பிற வரைபடங்களைப் பார்த்து எழுதக் கூடாது. பலர் அறியாமல் செய்யும் தவறு இதுதான். கைத்தொலைபேசியில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பதால் ஒரு வரைபடம் நகலெடுக்கவும் இலவசம் ஆகிவிடாது. பிரிட்டனில் அரசாங்க வரைபடங்களை நகலெடுத்ததாக எழுந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள, அங்குள்ள வாகனமோட்டிகள் சங்கம் 2001இல் 20 மில்லியன் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. சில வரைபட நிறுவனங்கள் நகலெடுப்பவரைப் பிடிப்பதற்காகவே இல்லாத சந்துகளை வரைந்து வைப்பதும் உண்டு.

ஒருவர் நகலெடுத்தால் அவரோடு போவதில்லை. அது மற்ற அனைவரின் உழைப்பையும் ஆபத்தில் தள்ளிவிடும். 2012இல் இத்திட்டம் தன் உரிமத்தை மாற்றியபோது, புதிய உரிமத்துக்குச் சம்மதிக்காதவர்கள் சேர்த்த தகவல்கள் நீக்கப்பட்டன. உரிமையில் அந்த அளவுக்குக் கண்டிப்பு உண்டு. துணைக்கோள் படத்தைப் பார்த்து வரையலாம். ஆனால் அதன் உரிமையாளர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளதை எழுத வேண்டும், விரும்புவதை அல்ல. ‘போக்கிமோன் கோ’ விளையாட்டு 2017 டிசம்பரில் இந்த வரைபடத்துக்கு மாறியது. பூங்காக்களில் அதிக உயிரினங்கள் கிடைக்கும் என்று எண்ணிய சிலர், தங்கள் வீட்டருகே இல்லாத பூங்காக்களை வரைந்து வைத்தார்கள். மற்ற தொண்டூழியர்கள் அவற்றைத் தேடித் தேடி அழிக்க வேண்டியதாயிற்று.

நான்காவது, பெயர் தொடர்பானது. தமிழர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய இடமும் இதுவே. வரைபடத்தில் ஓர் இடத்தின் பெயரைப் பல மொழிகளில் பதியத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு, தமிழுக்கும் உண்டு. ஊர்ப் பலகையில் உள்ள பெயரை முதன்மைக் கட்டத்திலும், தமிழர்கள் உண்மையிலேயே வழங்கும் பெயரைத் தமிழ்க் கட்டத்திலும் எழுத வேண்டும். ஆர்வ மிகுதியால் ஒவ்வொரு ஜாலானையும் லோரோங்கையும் தமிழில் மொழிபெயர்த்து வைத்தால், யாரும் சொல்லாத பெயர்களே வரைபடத்தில் நிறையும்.

தோட்டங்கள் பல தாமான்களாக மாறிவிட்டன. பெரியவர்கள் இன்னும் பழைய தோட்டப் பெயரையே சொல்கிறார்கள். பழைய பெயருக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் பின்னர் கேட்க ஆள் இருக்காது. தோட்டத்துக் கோயில் இருக்கிறதா, அதையும் இருக்கும் இடத்தில் குறிக்கலாம். ஆனால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டதால் நிலத்துக்கு உரிமை கிடைத்துவிடாது. நிலப் பட்டா வேறு, இந்த வரைபடம் வேறு.

ஐந்தாவது, பிறருக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பு. வீட்டு எண்ணைக் குறிக்கலாம். அவ்வீட்டில் வசிப்பவரின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ குறிக்கக் கூடாது. முன்பு ஒருவர் வரைந்தது தவறாகத் தோன்றினால், அழிப்பதற்கு முன் அவரிடம் கேட்பது முறை. செய்த மாற்றம் என்ன, தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு வரி எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும். ஆயிரக்கணக்கான தகவல்களை மொத்தமாக ஏற்ற விரும்புவோர், மற்ற தொண்டூழியர்களுடன் கலந்து பேசிய பிறகே அதில் இறங்க வேண்டும்.

இதற்குக் கணினி வல்லுநராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தான் குடியிருக்கும் தாமானில் பள்ளிக்குச் செல்லும் குறுக்குப் பாதை எது, மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும் சாலைக்கு மாற்றுவழி எது என்பது அங்கு வாழ்பவருக்குத்தான் தெரியும். வார இறுதியில் ஒரு மணி நேரம் நடந்து, பார்த்ததை மட்டும் பதிந்தால் போதும். கடை மாறினால், சாலை மூடப்பட்டால் மறுபடியும் சென்று திருத்த வேண்டும். பத்துத் தெருக்களை ஊகித்து வரைவதைவிட ஒரு தெருவைச் சரியாக வரைவதே உண்மையான தொண்டு.