நிறுத்தி வைக்கவா, படுக்க வைக்கவா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கல்லூரி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நீ ரஷ்யாவில் மூணு வருஷம் இருந்திருக்கியே, அதைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார். பனியைப் பற்றியும் மெட்ரோ ரயிலைப் பற்றியும் பேசினால் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. எல்லாம் செல்போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். அதனால், அங்கே நான் வாங்கிக் கட்டிக்கொண்ட அடிகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எல்லாம் சொல்லால் பட்ட அடிகள்.

நான் 2010இல் இங்கே மின்னியல் முடித்தவன். 2015இல் என் நிறுவனம், வோல்கா நதிக்கரையில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரங்களை நிறுவ என்னை அனுப்பியது. 2018 வரை அங்கே இருந்தேன். போவதற்கு முன் மூன்று மாதம் ஓர் ஆங்கில-ரஷ்ய அகராதியை வைத்துக்கொண்டு நானாகவே படித்தேன். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி படிக்கிற நம் பழக்கம் தெரியுமே! ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் மூன்று ரஷ்யச் சொல் இருந்தால், முதல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தேன். 'மூணும் ஒரே அர்த்தம்தானே, எதுக்கு வீண் வேலை?' என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதம். சோதனை ஓட்டத்துக்காக எண்ணெய் நிரப்பி வைத்திருந்த ஒரு கியர்பாக்ஸை அவசரமாக வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. ஃபோர்மனிடம், "அந்தச் சுவரோரமா வைங்க" என்று சொல்ல நினைத்து, அகராதியின் முதல் சொல்லைப் போட்டு "பலஷீத்தே" என்றேன். அவர் கையை மட்டமாக நீட்டிக் காட்டி, "பலஷீத்?" என்று திரும்பக் கேட்டார். நானும் தலையை ஆட்டி, "தா, தா" என்றேன். 'ஆமாம், ஆமாம்' என்று அர்த்தம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தரையெல்லாம் எண்ணெய். கியர்பாக்ஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தது. மேலே இருக்க வேண்டிய காற்றுத் துவாரம் கீழே போய், ராத்திரி முழுக்க எண்ணெய் ஒழுகியிருக்கிறது.

நான் குதித்தேன். ஃபோர்மன் கோபப்படவில்லை. "படுக்க வைக்கச் சொன்னீங்க, படுக்க வெச்சோம். நான் ஒரு தடவை கேட்டேனே?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்று சாயங்காலம் கேன்டீனில் அவரே எனக்குப் பாடம் எடுத்தார். மேஜையில் ஒரு பாட்டிலை வைத்தார். "இது ஸ்தயீத், நிற்கிறது." ஒரு கரண்டியை வைத்தார். "இது லிஷீத், கிடக்கிறது." ஆணியில் மாட்டியிருந்த தன் கோட்டைக் காட்டினார். "அது விஸீத், தொங்குகிறது." நிற்கும்படி வைத்தால் 'பஸ்தாவித்'. கிடக்கும்படி வைத்தால் 'பலஷீத்'. தொங்கும்படி வைத்தால் 'பவேஸித்'. 'வை' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அங்கே வழியில்லை. வைத்த பிறகு அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்பதை முதலில் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

"சரி, தட்டு?" என்று கேட்டேன். தட்டையாக இருக்கிறதே, கிடக்கத்தானே வேண்டும்? "இல்லை, மேஜையில் தட்டு நிற்கிறது" என்றார். ஏனென்றால் அதற்கு அடிப்பாகம் இருக்கிறது, அதன்மேல் அது நிற்கிறது. அலமாரியில் புத்தகம் நிற்கும், மேஜையில் புத்தகம் கிடக்கும். வாசலில் செருப்பு நிற்கும்.

யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. வாசல்ல சைக்கிள் நிக்குது, கொடியில சட்டை தொங்குது, மேஜைமேல பேனா கிடக்குது என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் வைக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் 'வை' என்று விட்டுவிடுகிறோம். இன்னொன்று, நம் 'கிடக்குது'வில் கவனிப்பாரற்றுக் கிடப்பதாக ஒரு சாயல் உண்டு. ரஷ்யனின் 'லிஷீத்'தில் அது கிடையாது. ஒழுங்காக வைத்த பேனாவும் அங்கே கிடக்கத்தான் செய்யும்.

அன்று முதல் படிக்கும் முறையை மாற்றினேன். அகராதியில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தேடுவதோடு நிற்காமல், இது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். 'எப்படி இருக்கும்படி வைத்தாய்?' என்ற கேள்வி இருப்பதால்தான் அங்கே மூன்று சொல் இருக்கிறது. 'போவது' என்பதும் அப்படித்தான். நடந்து போனால் 'இத்தீ', வண்டியில் போனால் 'யேஹத்'. எதில் போகிறாய் என்பது அங்கே கேள்வி. இது தெரியாமல் நான் ஒருநாள், "நாளைக்கு மாஸ்கோவுக்குப் போறேன்" என்று முதல் சொல்லைப் போட்டுச் சொல்லிவிட்டேன். கூட வேலை செய்தவர் என் ஷூவைப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டா நடக்கப் போறே? ரொம்ப தூரம் ஆச்சே" என்றார். ஆனால் பஸ்ஸும் ரயிலும் மழையும் அந்த மொழியில் 'நடந்து'தான் வருகின்றன. எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செல்லப் பிள்ளைகள் சில உண்டு. அவற்றைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இப்போது நம் தமிழுக்கு வருகிறேன். வாத்தியார் பேச்சைக் கேட்டேன். சந்தேகம் கேட்டேன். கடன் கேட்டேன். சத்தம் கேட்டது. நமக்கு நான்கும் 'கேள்'தான். ரஷ்யனுக்கு நான்கும் தனித்தனி. கவனித்துக் கேட்பது 'ஸ்லூஷத்'. காதில் விழுவது 'ஸ்லிஷத்'. கேள்வி கேட்பது 'ஸ்ப்ரஸீத்'. பொருளோ உதவியோ கேட்பது 'பப்ரஸீத்'. கடைசி இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் ஒரு வருஷம் குழம்பினேன். ஸ்டோரில் இருந்த அம்மாவிடம், 'நேற்றே கையுறை கேட்டேனே' என்று சொல்ல நினைத்து 'ஸ்ப்ரஸீத்'தைப் போட்டேன். "கையுறையைப் பற்றி என்ன கேள்வி, சொல்லுங்க" என்று அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஆனால் தமிழ் என்னைக் கைதூக்கி விட்ட இடமும் உண்டு. குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் பனிச்சறுக்குக்குக் கூப்பிட்டார். 'என்னால் ஆகாது' என்று ஆங்கிலத்தில் யோசித்து, "நி மகூ" என்றேன். "ஏன், காலில் அடியா?" என்று பதறினார். அப்புறம்தான் பொறி தட்டியது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிற விஷயத்தை நாம் இரண்டாகப் பிரித்துத்தானே பேசுகிறோம்? நீந்த முடியாது என்பது வேறு, நீந்தத் தெரியாது என்பது வேறு. ரஷ்யனும் அப்படியே பிரிக்கிறான். முடியாது என்றால் 'நி மகூ'. செய்யத் தெரியாது என்றால் 'நி உமேயு'. உடனே திருத்தி, "நி உமேயு" என்றேன். "அவ்வளவுதானா? வா, கத்துத் தர்றேன்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். முடியாது என்றால் விட்டுவிடுவார்கள், தெரியாது என்றால் கற்றுத் தருவார்கள். ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இதுவரை சொன்னது சிரிப்புக் கதை. இனி சொல்லப்போவது அப்படி இல்லை.

நம் ஊரில் மூன்று ஃபேஸ் மின்சாரத்துக்கு வழக்கமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் வைக்கிறோம். நியூட்ரலுக்குக் கறுப்பு. ரஷ்யாவில் மின் நிறுவல் விதிகளின்படி ஃபேஸ்களுக்கு மஞ்சள், பச்சை, சிவப்பு. நியூட்ரலுக்கு நீலம். ஆனால் அது எந்த நீலம்? அவர்களுக்கு 'நீலம்' என்று பொதுவாக ஒரு நிறம் கிடையாது. அடர்ந்த நீலம் 'ஸீனி'. வெளிறிய வான நீலம் 'கலுபோய்'. சிவப்பும் ரோஸும் நமக்கு எப்படி இரண்டு நிறமோ, அப்படி அவர்களுக்கு இவை இரண்டு. ஜொனாதன் வினாவர், லெரா பொரொடிட்ஸ்கி முதலானோர் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு நீலங்களில் ஒன்று 'ஸீனி', மற்றது 'கலுபோய்' என்று அமைந்தால், ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் வித்தியாசத்தை இன்னும் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்று அதில் தெரிய வந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அந்த வேகம் தென்படவில்லை.

ரஷ்ய விதி நியூட்ரலுக்குச் சொல்லும் நிறம் 'கலுபோய்'. நம் நாட்டிலிருந்து வந்த மின் பலகைக்கு இணைப்புக் குறிப்பை ரஷ்ய மொழியில் எழுதியவன் நான். மூன்றாவது ஃபேஸுக்கு நேராக, நீலம்தானே என்று 'கலுபோய்' என்றே எழுதிவிட்டேன்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன். காகிதத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கருவியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "எங்களுக்குக் கலுபோய் என்றால் நியூட்ரல். உங்க காகிதத்தில் அது ஃபேஸ். பலகையில் இருக்கிற கம்பியோ ஸீனி. இதில் எது நிஜம்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. அவர் பழக்கத்தை நம்பி அந்தக் கம்பியை நியூட்ரலில் இணைத்திருந்தால், மின்சாரம் கொடுத்த கணமே ஷார்ட் சர்க்யூட். பலகைக்கு முன்னால் நின்றிருக்கப் போவது அந்த அம்மாவும் அவருடைய உதவியாளும். நான் இல்லை.

அன்றைக்கே எல்லாக் கம்பியிலும் எல்1, எல்2, எல்3, என் என்று எழுத்து வளையம் மாட்டி, மீட்டர் வைத்துச் சோதித்த பிறகுதான் இணைத்தோம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். அதிலே அகப்பட்டதுதான் 'கந்த்ரோல்'. பார்த்தால் நம் கன்ட்ரோல் மாதிரியே இருக்கிறது, இல்லையா? ரஷ்யாவில் அதற்குப் பெரும்பாலும் சரிபார்த்தல், கண்காணித்தல் என்றுதான் பொருள். இயக்கிக் கட்டுப்படுத்துவது 'உப்ரவ்லேனியே'. ஒரு குறிப்பில் 'வெப்பநிலை கந்த்ரோல்' என்று இருந்ததைப் பார்த்து, வெப்பம் தானாகவே கட்டுப்படும் என்று நான் முதலில் நம்பினேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, ஒருவர் போய் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார், அவ்வளவுதான். கூட்டுவதும் குறைப்பதும் வேறொருவர் வேலை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்ய வடிவமைப்பில் அமைந்த அணு உலைகள். 1,000 மெகாவாட் திறனுள்ள முதல் அலகு 2013 அக்டோபரில் மின் தொகுப்போடு இணைந்தது. நம் ஊரிலேயே ரஷ்யப் பொறியாளரோடு வேலை செய்யும் வாய்ப்பு உங்களில் சிலருக்கு வரலாம். ரஷ்ய மொழி இல்லாவிட்டால் ஜெர்மன், ஜப்பான் மொழி என்று ஏதோ ஒன்று வரும். மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 'நீலம்' என்று நீங்கள் கொடுத்தால், எந்த நீலம் என்று அது உங்களைத் திருப்பிக் கேட்குமா? ஃபோர்மன் கேட்டார். அந்த அம்மா கேட்டார். முதல் தடவை வெட்கத்தில் தலையை ஆட்டினேன், எண்ணெய் போயிற்று. இரண்டாம் தடவை நின்று பதில் சொன்னேன், ஆட்கள் பிழைத்தார்கள். புரியாத இடத்தில் 'தா, தா' என்று சொல்லாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும்.

முடிக்கும் முன் இன்னும் சில சொற்கள். நண்பர் என்று நாம் எல்லாரையும் சொல்லிவிடுகிறோம். ரஷ்யன் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பான். அறிமுகமானவர் 'ஸ்நகோமி'. சேர்ந்து சிரித்துப் பேசப் பழகியவர் 'ப்ரியாதெல்'. நடுராத்திரி போய்க் கதவைத் தட்டக்கூடியவர்தான் 'த்ரூக்'. மூன்று வருஷம் கழித்து நான் கிளம்பும்போது, அந்த ஃபோர்மன் ஸ்டேஷனுக்கு வந்து என்னைத் 'த்ரூக்' என்று கூப்பிட்டார். எண்ணெயைக் கொட்ட வைத்தவனுக்கு அது பெரிய பட்டம்.

கூடப் படித்தவர்களுக்கும் அங்கே ஒரு பழைய சொல் உண்டு. 'அத்நகாஷ்நிக்'. 'காஷா' என்பது தானியத்தை வேகவைத்துச் செய்கிற, நம் கஞ்சிக்கும் பொங்கலுக்கும் நடுவில் இருக்கிற ஓர் ஆகாரம். ஒரே காஷாவைச் சாப்பிட்டவன் அத்நகாஷ்நிக். இந்தச் சொல்லைக் கேட்ட அன்று எனக்கு நம் ஹாஸ்டல் மெஸ்தான் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை உப்புமாவைத் திட்டித் திட்டியே நாலு வருஷம் சாப்பிட்டோமே, மறக்குமா? அகராதியில் எத்தனை சொல் இருந்தாலும் இங்கே கூடியிருக்கும் நமக்குப் பொருந்துகிற சொல் அதுதான். நாம் ஒரே உப்புமாவைத் தின்றவர்கள்.