வேலை பெருகும்போது வாக்கு தவறக் கூடாது

(நம் சங்கத்தின் புனே உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சிறிய அளவில் சேவைத் தொழில் நடத்தும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு வியாபாரத்தில் என்ன தெரியும் என்று நினைக்கலாம். கான்ட்ராக்டர்களின் பில்லைப் பாஸ் செய்யும் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். வேலை கிடைக்காமல் நின்று போனவர்களைவிட, வேலை அதிகமாகி மூச்சு முட்டியவர்களை அங்கே நிறையப் பார்த்தேன்.

நமக்கெல்லாம் பழகிய கல்யாண சமையலையே எடுத்துக்கொள்வோம். ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம் என்று இருந்தவரை, அடுப்படி முதல் பந்தி விசாரிப்பு வரை சமையல்காரரே பார்த்துக்கொண்டார். பெயர் பரவியது. அடுத்த தை மாசம் ஒரே நாளில் நான்கு மண்டபம். ரசம் அதே ரசம்தான். ஆனால் "மாமா, பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்க அவர் அங்கே இல்லை. பெண் வீட்டார் அட்வான்ஸ் கொடுத்தது அவரை நம்பி. வந்ததோ அவர் பெயர் எழுதிய வேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 4 பேர் ஒருவரோடொருவர் பேச 6 தொடர்புகள் போதும். 10 பேர் ஆனால் 45. 20 பேர் ஆனால் 190. ஆள் ஐந்து மடங்கு கூடினால் தொடர்பு முப்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. வாடிக்கையாளர் ஒருவரிடம் சொன்னது மற்றவர் காதுக்குப் போகாத காரணம் இதுதான். ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பொறுப்பாக ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஆள் தயாராகும் வரை புதிய கான்ட்ராக்ட் எடுக்க வேண்டாம்.

நம் புனேயிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. சதாரா ஜில்லா ரஹிமத்பூரைச் சேர்ந்த ஹணமந்தராவ் கைக்வாட், அப்போது டெல்கோ என்று அழைக்கப்பட்ட டாடா மோட்டார்ஸில் பயிற்சி இன்ஜினீயராக இருந்தார். பழைய கேபிள்களைப் பயன்படுத்த யோசனை சொல்லி நிறுவனத்துக்குப் பணம் மிச்சப்படுத்தினார். தன் ஊர்ப் பையன்களுக்கு வேலை கேட்டார். 1997-இல் இண்டிகா கார் தொழிற்சாலையைச் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் கிடைத்தது. ஆட்கள் எட்டே பேர். அதுதான் இன்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை தரும் பி.வி.ஜி. நிறுவனம். மகாராஷ்டிராவின் 108 ஆம்புலன்ஸ் சேவையை 937 வண்டிகளோடு அவர்கள் தொடங்கியது 2014-இல். நடுவே பதினேழு வருஷம் ஓடியிருக்கிறது. நம்பிக்கை முதலில் வந்தது, கான்ட்ராக்ட் அதன் பின்னால் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி பணம். 50 ஆட்களுக்கு மாதச் சம்பளம் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் சம்பளத்தை மே 7-க்குள் கொடுத்தாக வேண்டும். ஏப்ரல் பில்லுக்கு 45 நாள் கழித்து, அதாவது ஜூன் மத்தியில்தான் பணம் வரும். அதற்குள் மே மாதச் சம்பளமும் கொடுத்தாயிற்று. ஆக 20 லட்சம் கையிலிருந்து போய்விட்டது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். லாபம் காட்டும் தொழிலே இப்படித்தான் சம்பளம் போட முடியாமல் தவிக்கிறது. ஆட்களை இரட்டிப்பாக்கினால் இந்த 20 லட்சமும் 40 லட்சமாகும்.

2006-ஆம் வருஷத்து சிறு குறுந்தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. உத்யம் பதிவு செய்துகொண்டு, ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ் செய்த கை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பில் தேங்குவதற்குப் பெரும்பாலும் விரோதம் காரணமல்ல. வொர்க் ஆர்டர் நம்பர் இருக்காது, வருகைப் பட்டியலில் கையெழுத்து இருக்காது, பி.எஃப். செலான் நகல் இருக்காது. இவற்றைச் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்கினால் ஒரு மாதத் தாமதம் மிச்சமாகும்.

பழைய வாடிக்கையாளர் "இன்னும் இரண்டு கட்டடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் மறுக்கத் தயக்கமாகத்தான் இருக்கும். "ஒன்றை இந்த மாதம் எடுக்கிறேன், மற்றதற்கு மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி செய்தவரை யாரும் கைவிடுவதில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டி, பாதியில் விட்டவரைத் திரும்பக் கூப்பிடுவதும் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பார்த்ததும் "புதிதாக எத்தனை ஆர்டர் வந்தது?" என்று கேட்கிறோம். "7-ஆம் தேதி எல்லாருக்கும் சம்பளம் போட்டாச்சா?" என்று கேளுங்கள். அதற்கு மாதா மாதம் ஆமாம் என்று பதில் வந்தால், அந்தத் தொழில் நிலைக்கும். அதை நம்பியிருக்கும் குடும்பங்களும் க்ஷேமமாக இருக்கும்.