வரியோடு வழியும் வேண்டும்



கார்பன் வரி போட்டால் புகை குறையுமா? குறையும் என்பதே என் விடை. ஆனால் வரி கேட்கிற அரசு, மக்களுக்கு மாற்று வழியையும் திறந்துவிட வேண்டும்.

சுவீடனைப் பாருங்கள். 1991-இல் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 250 குரோனா என்று தொடங்கினார்கள். அதே ஆண்டில் வருமான வரியைக் குறைத்தார்கள். கார்பன் வரி படிப்படியாக ஏறி 1,300 குரோனாவையும் தாண்டியது. நாட்டின் உமிழ்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பொருளாதாரமோ வளர்ந்தது.

பெரிய மாற்றம் எங்கே நடந்தது தெரியுமா? வீடுகளைச் சூடாக்குவதில்! வெந்நீரைக் குழாய் வழியே வீடுதோறும் அனுப்பும் பொது நிலையங்கள் சுவீடன் நகரங்களில் முன்பே இருந்தன. எண்ணெயின் விலை வரியால் ஏறியதும், அவை வரியில்லாத மரக்கழிவுக்கு மாறின. சாலையில் அந்த வேகம் இல்லை. போக்குவரத்துப் புகையில் கார்பன் வரி மட்டும் குறைத்தது சுமார் 6 விழுக்காடு என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வரி ஒன்றுதான், மாற்று கையருகே இருந்த இடத்தில் அது வென்றது.

பிரான்சில் என்ன நடந்தது? காரை விட்டால் வேலைக்குப் போக வழியில்லாத சிற்றூர் மக்கள், எரிபொருள் மீதான கார்பன் வரி உயர்வை எதிர்த்து 2018 நவம்பரில் மஞ்சள் அங்கியோடு சாலைகளை மறித்தார்கள். அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் பெருஞ்செல்வர்கள் மீதான சொத்து வரி அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டிருந்தது. உழைப்பவனுக்கு டீசல் விலை, செல்வந்தனுக்குச் சலுகை என்றால் மக்கள் பொறுப்பார்களா? அடுத்த ஆண்டுக்கான வரி உயர்வை அரசு கைவிட்டது.

நம் இந்தியாவிலும் 2010-இல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் செஸ் வந்தது. 2016-இல் அது 400 ரூபாய் ஆனது. தூய எரிசக்திக்கென்று தொடங்கிய அந்த வரி, 2017-இல் மாநிலங்களுக்கான ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டது. காற்றின் பெயரால் வாங்கிய பணம் காற்றுக்குப் போய்ச் சேர வேண்டாமா?

நண்பர்களே, இப்படி ஒரு வரி மீண்டும் வரும்போது, வேண்டாம் என்று முழங்கிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். எங்கள் ஊருக்குப் பேருந்து எத்தனை, ஏழை வீட்டுக்குத் திரும்பும் தொகை எவ்வளவு, மீதி எங்கே செலவாகிறது என்று கேளுங்கள். விடை வரும்வரை விடாதீர்கள். கணக்குக் காட்டும் அரசுக்கு மக்கள் வரி கொடுப்பார்கள்; அந்த வரி புகையைக் குறைக்கும்.