விமானம் ஏறுமுன் முத்திரை

(வெளிநாடு செல்வோர் குடும்பங்களுக்கான வழிகாட்டல் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)

 

எங்கள் உதவி மேசைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அடிக்கடி கேட்பது இதுதான்: "நிக்காஹ் முடிந்து திரும்பி வந்துவிட்டேன். மனைவிக்கு விசா போடப் போனால் கல்யாண சர்டிபிகேட்டில் அட்டஸ்டேஷன் இல்லை என்கிறார்கள். ஜமாஅத் தஃப்தர் நகல் கையில் இருக்கிறதே!"

தஃப்தர் நமக்குப் போதும். அயல்நாட்டு அலுவலகத்துக்குப் போதாது. ஏன் என்று விளங்கிக்கொண்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். அட்டஸ்டேஷன் என்பது சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதல்ல. கையெழுத்தும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவைதாம் என்று மேலே உள்ள அலுவலகம் சொல்வது மட்டுமே. சார்பதிவாளரின் கையெழுத்தை மாநில அரசு நியமித்த அதிகாரி உறுதி செய்வார். அவருடையதை வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்யும். அமீரகத்துக்கு என்றால் அடுத்து இந்தியாவிலுள்ள அவர்களுடைய தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம். முதல் கண்ணியில் அரசுக் கையெழுத்து இல்லையென்றால் சங்கிலியே இல்லை.

ஆகவே தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்வதைத் தள்ளிப் போடாதீர்கள். 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். அதற்குப் பின் 60 நாட்கள் கூடுதல் கட்டணத்தோடு கிடைக்கும். மாப்பிள்ளைக்கு லீவு 45 நாள். பெண் பார்ப்பது, நிக்காஹ், விருந்து, மறுவிருந்து என்று போய்விடுகிறது. பதிவுக்கு இருவர் கையெழுத்தும் வேண்டுமே! அடுத்த லீவு வரைக்கும் அந்தப் பெண் பிறந்த வீட்டில் காத்திருக்கிறாள். வலீமாவுக்குப் பந்தல் போட நேரம் இருந்தவர்களுக்கு இதற்கு ஒரு காலைப்பொழுது கிடைக்காதா?

சரி, ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறது, நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்றால் ஊருக்கு வரத் தேவையில்லை. அசல் சான்றிதழ் மட்டும் இந்தியாவில் இருந்தால் போதும். வாப்பாவோ மச்சானோ கொடுக்கலாம். வெளியுறவு அமைச்சகம் தனிநபரிடம் நேரடியாக வாங்குவதில்லை. அது அங்கீகரித்த முகவர் நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்குகிறது. இந்த வேலைக்கு இப்போது டெல்லிக்குப் போக வேண்டாம், சென்னைக் கிளையிலேயே நடக்கிறது. ஒன்று கவனியுங்கள்: பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரை குத்துவது சான்றிதழின் பின்புறத்தில்தான்.

எல்லா நாட்டுக்கும் தூதரக முத்திரை தேவையில்லை. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஒரே ஒட்டுச்சான்று போதும். இந்தியாவில் இது 2005 முதல் நடைமுறையில் உள்ளது. ஓமன் 2012இலும், பஹ்ரைன் 2013இலும் இணைந்தன. சவூதியில் 2022 டிசம்பர் 7 முதல் அமலுக்கு வந்தது. அமீரகம், கத்தார், குவைத் சேரவில்லை. சவூதிக்கு என்று சொல்லியும் ஒருவர் தூதரகக் கட்டணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். மற்றதெல்லாம் முகவரின் கூலி. ஒட்டுச்சான்றில் தனி எண் இருக்கும், அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். "இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் கொடுத்து, போலி முத்திரை அங்கே பிடிபட்டால் சிறைக்குப் போவது முகவரல்ல, சான்றிதழைக் காட்டியவர்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் முஹம்மது, பள்ளிச் சான்றிதழில் முகமது, தஃப்தரில் வெறும் 'மு'. ஆங்கிலத்தில் அதை எழுத எத்தனை விதம்! பெண்களுக்கு ஓரிடத்தில் வாப்பா பெயர், இன்னோரிடத்தில் கணவர் பெயர். முத்திரை எல்லாம் சரியாக இருந்தும், எழுத்து மாறியதால் விசா கவுண்டரில் திரும்பி வந்தவர்கள் உண்டு. பதிவுக்குப் போகும்போது இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போய், அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். முத்திரைக்குப் பின் திருத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அங்கிருந்து இங்கே அனுப்பும் பவர் பத்திரத்துக்கு வழி வேறு. வீட்டை விற்க, பாகம் பிரிக்க அண்ணனுக்குப் பவர் கொடுப்பவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். எந்தச் சொத்து, எந்த வேலை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு கூடப்பிறந்தவர்களோடு கோர்ட்டுக்குப் போக வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். பாஸ்போர்ட், சான்றிதழ்களின் நகலைப் பார்த்துப் பெயர் ஒத்திருக்கிறதா என்று சொல்கிறோம். நகல் போதும், அசலை எங்களிடம் கூட விட்டுப்போகாதீர்கள்.