பெரும்பாக்கம் வீட்டை யார் வாங்கலாம்?

பெரும்பாக்கத்துல இருக்கிற அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பார்த்திருப்பீங்க. கூவம், அடையாறு கரையோரங்களில் இருந்து மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டியவை. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதே, அந்த வாரியத்தின் வீடுகள்.

"ஒதுக்கீட்டு ஆணை இருக்கு, சாவியும் இருக்கு. நோட்டரி முன்னாடி எழுதிக்கலாம்" என்று யாராவது உங்ககிட்ட விலை பேசலாம். அவசரப்படாதீங்க. ஒதுக்கீட்டு ஆணை என்பது அந்தக் குடும்பம் குடியிருப்பதற்கான உரிமை. வாரியம் விற்பனைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்காதவரை, அவங்க உங்களுக்கு விற்க முடியாது. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. பிரச்சினை வந்தால் உங்க சேமிப்பும் போகும், அந்தக் குடும்பத்தின் ஒதுக்கீடும் ரத்தாகலாம்.

விற்பவர் பெயரில் பதிவான பத்திரம் இருக்கா? பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தைப் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். பத்திரம் இருந்தாலும், மறுவிற்பனைக்குத் தடை போட்டிருக்கான்னு படிச்சுப் பாருங்க.

சொந்த வீடு இல்லாதவங்க நேராக வாரியத்திடமே விண்ணப்பிக்கலாம். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நலிந்த பிரிவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கணும். நாட்டில் எங்குமே சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக்கூடாது. தகுதி இருந்தா தரகர் எதுக்குங்க?