ஸ்கேன் துறை உங்களுக்குச் சரிவருமா?



"ஆறே மாசத்துல ஸ்கேன் கோர்ஸ், கைநிறையச் சம்பளம்!" இப்படி ஒரு விளம்பரம் உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கோங்க.

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் மருத்துவர் அல்லாதவர்களும் 'சோனோகிராபர்' படிப்பு முடித்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்க 1994-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் எடுக்க உரிய தகுதி பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே அனுமதி. விதிகளில் ஆறு மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஆனால் அது எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு. சட்டத்தை மீறினால் முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். வெறும் சான்றிதழை நம்பி வேலைக்குப் போனா, மாட்டிக்கப்போறது நீங்கதான்.

அப்போ வழியே இல்லையா? இரண்டு வழி இருக்கு.

ஒன்று, மருத்துவர் ஆவது. நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு; பிறகு எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ் 3 ஆண்டு.

இரண்டு, பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்டு இமேஜிங் டெக்னாலஜி. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை எடுப்பது உங்கள் வேலை. பார்த்து அறிக்கை தருவது மருத்துவர். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பிளஸ் 2 மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வு நடக்கும். தனியார் கல்லூரி என்றால், பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்று பல்கலைக்கழக இணையதளத்திலேயே பார்த்துடுங்க.

வழி தெரிஞ்சாச்சு. மனசு ஒத்துக்குமா? விபத்தில் அடிபட்டவரை வலிக்காமல் திருப்பிப் படுக்கவைக்கணும். பயந்து அழும் குழந்தையை அசையாமல் இருக்கவைக்கணும். இரவுப் பணி வரும். எக்ஸ்ரே, சி.டி. அறைகளில் கதிர்வீச்சை அளக்கும் பட்டையைத் தவறாமல் அணியணும். படத்தைப் பார்த்ததும் நோயாளியின் உறவினர் "என்னங்க இருக்கு?" என்று கேட்பார். பதற்றத்தைக் காட்டாமல், "டாக்டர் சொல்வாங்க" என்று பக்குவமாகச் சொல்லத் தெரியணும்.

இதெல்லாம் முடியும்னு தோணுதா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இந்தத் துறையில வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் பேசிப் பாருங்க. பிறகு முடிவெடுங்க.