பசளிச் சாறும் பகல் வெயிலும்

படமெடுக்கக் கமெராவோ கைத்தொலைபேசியோ இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு பிடி பசளி, ஒரு சித்திரத் தாள், கொழும்பு வெயில் போதும். பூக்களின், இலைகளின் சாறு வெயிலில் வெளிறுவதை ஆராய்ந்து 1842 இல் இதை எழுதிவைத்தவர் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. இன்று இதற்கு அந்தோடைப் என்று பெயர். மேரி சொமர்வில் அம்மையாரும் இத்தகைய பரிசோதனைகளைச் செய்து 1845 இல் ஹேர்ஷலுக்குக் கடிதம் எழுதினார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள மண்டபங்களில் இதற்குப் பயிற்சிப் பட்டறைகள் நடக்கவேண்டும். புகைப்படக் கலையில் எவரையும் வாசலில் நிறுத்திவைக்காத முறை இது.

பசளியை அரைத்துச் சிறிது ஸ்பிரிட் விட்டு, பழைய வேட்டித் துணியில் வடித்தால் கடும்பச்சைச் சாறு இறங்கும். அதைத் தாளில் இரண்டு மூன்று தடவை பூசி இருட்டில் காயவிடவேண்டும். பிறகு மேலே ஒரு வேப்பிலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெளிறும், இலை மறைத்த இடம் பச்சையாகவே நிற்கும். கண்ணாடியைத் தூக்கும்போது வேப்பிலையின் ஓரத்துப் பற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். அப்பம்மாவின் பழைய படத்தைப் போட்டோகொப்பிக் கடையில் கண்ணாடித் தாளில் எடுத்துவந்து வைத்தால் அவர் முகமும் இப்படியே பதியும்.

லயனல் வென்ட் போன்ற புகைப்பட மேதையின் பரிசோதனைகளைக் கண்ட நகரம் கொழும்பு. ஆனால் அந்தக் கலைக்கு இருட்டறை வேண்டும். சைகை மொழி பேசுபவருக்கு இருட்டில் பேச்சே இல்லை, சக்கர நாற்காலிக்கு அந்த ஒடுங்கிய அறையில் இடமில்லை. வெள்ளி கரைந்த கழிவுநீரைக் கானில் ஊற்றவும் கூடாது. சாற்றுப் படத்துக்குத் திரைச்சீலை இழுத்த சாதாரண அறை போதும், மிஞ்சும் சக்கை பூஞ்சாடிக்கு உரமாகும். பார்வையற்றவர் இலையின் நரம்பை விரலால் தடவித் தானே அடுக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: படியேறித்தான் போகவேண்டிய மொட்டைமாடியில் பட்டறையை வைத்தால் இவ்வளவும் வீண்.

இந்தப் படம் நிலைக்காதே என்பார்கள். உண்மைதான், சாற்றுப் படத்தை நிரந்தரமாக நிலைநிறுத்தும் மருந்து கிடையாது. அல்பத்தில் மூடிவைத்தால் நெடுநாள் இருக்கும், ஸ்கேன் செய்தால் பிரதி மிஞ்சும். அதைவிட, ஒளி என்ன செய்கிறது என்பதைத் தன் கையால் கண்டறிந்த பிள்ளைக்கு அந்த அறிவு வெளிறப்போவதில்லை. காத்திருக்க நேரமில்லை என்போருக்கு மஞ்சள் இருக்கிறது. பசளி நாட்கணக்கில் கேட்பதை அது சில மணி நேரத்தில் தந்துவிடும். சாப்பாட்டுப் பொருளை வீணாக்கலாமா என்பது நியாயமான கேள்வி. 2020 இல் இறக்குமதித் தடையால் மஞ்சள் விலை ஏறியதை நம் அடுப்படிகள் மறக்கவில்லை. ஒரு பட்டறைக்கு ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் தாராளம். பசளிக்கும், அதுபோலச் சாறு தரும் பீற்றூட்டுக்கும் அந்திச் சந்தையில் கழித்துப்போடும் வாடலே போதும், சாறெடுக்க உதிர்ந்த செவ்வரத்தம்பூவை எவரும் விலைக்கு வாங்குவதில்லை.

தை முதல் மாசி வரை கொழும்பில் மழை குறைவு. மண்டபத் திறப்பை வைத்திருக்கும் பெரியோரே, அந்த மாதங்களில் ஒரு சனிக்கிழமைக் காலையை இதற்கென்று ஒதுக்கித் தாருங்கள். மண்டபம் கீழ்த்தளத்தில் இருக்கட்டும்.